எட்டாங்கொடை

போன சித்திரையில்
என் கையில் தொண்ணூற்றேழு நாள் இருந்தது.
நடுச்சாமம். மகுடம் உச்சத்துக்கு ஏறுகிற நேரம்.
சுடலைக்கு முன் விரித்த இலையில்
சோறு, கருவாடு, அவித்த முட்டை, சுருட்டு,
மூடி திறந்த பிராந்திக் குப்பி.
"சாமி குடிச்ச மிச்சம்வே, மருந்து மாதிரி,
ஒரு மூடி" என்றான் பூலுடையான்.

ஒரு மூடி.

விடியும்போது என் மினிபஸ்ஸுக்கு அடியில் கிடந்தேன்.
சாவி யாரிடமோ.
எட்டு நாள் அது நிற்கவில்லை.
கோயிலில் எட்டாங்கொடைக்குப் பொங்கல் ஏற்றிய அன்று
சந்தனமாரி என்னை ஆட்டோவில் ஏற்றினாள்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. பதினோரு நாள்.
குளுக்கோஸ் குழாயில் எறும்பு ஊர்ந்தது,
எனக்கு மட்டும்.
பக்கத்துக் கட்டில் பலவேசம்
இல்லாத மாட்டை ராவெல்லாம்
அவிழ்த்தார், கட்டினார், அவிழ்த்தார்.
காலையில் ஊசி போட்டுத் தெளிந்ததும்
"பால் கறந்தாச்சா?" என்று கேட்டார்.
நாங்கள் இருவரும் சிரித்தோம்,
சிரிக்கவும் கை நடுங்கியது.

தொண்ணூற்றேழும் போச்சே என்றேன்.
ஜெபக்கனி சிஸ்டர் திட்டவில்லை.
கேள்விதான் கேட்டார்:
சாப்பிட்டிருந்தீங்களா? தூங்கி எத்தனை நாளாச்சு?
கூட யாரு? மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?
விரல்விட்டு எண்ணினேன். கொடைக்கு ஆறு நாள் முன்னால்.
அப்படியானால் நான் குடித்தது அந்த ராத்திரி அல்ல,
ஆறு நாள் முன்னாலேயே
வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.
"ஓடுன கிலோமீட்டர் எங்கயும் போகலை" என்றார்.
மீட்டரைப் பின்னால் திருப்புகிறவன்
கள்ளன் என்பது டிரைவருக்குத் தெரியாதா.

பலவேசம் ஒரு தடவைதான் ரிவ்யூவுக்கு வந்தார்.
ஆடியில் செய்தி வந்தது.
மாடுகளை மச்சான் ஓட்டிப்போனாராம்.

தினம் எட்டு நடை எனக்கு,
எட்டு நடையும் கடை ஸ்டாப்பில் நிற்கணும்.
நான் கேட்கவேயில்லை,
கண்டக்டர் உச்சிமாகாளி ஒருநாள் தானாகவே
"கால்வாய்ப் பாலம் இறங்கு" என்று கூப்பிட்டான்.
அன்றிலிருந்து அது பாலம்தான்.

தாகம் வரும். வராது என்று யாரும் சொல்லவில்லை.
இருபது நிமிஷம் தள்ளிப் போடுங்க என்றார்கள்.
இருபது நிமிஷம் என்றால்
சேரன்மகாதேவியில் எடுத்தால் முக்கூடல்.
எத்தனை முக்கூடல் போயிருப்பேன் நான்,
பஸ் நின்ற இடத்திலேயே.

காலையில் மாத்திரை, ஒரு செம்புத் தண்ணீர்.
வாயைத் திற என்று
சந்தனமாரி ஒருநாளும் சொன்னதில்லை.
நானே திறந்து காட்டுவேன்.
அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே பார்ப்பாள்,
பார்க்காத மாதிரி.

இந்தச் சித்திரை.
வரி கொடுத்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.
பத்தரைக்குக் கிளம்பணும் என்று
ஓபி சீட்டின் முதுகில் எழுதி
சட்டைப்பையில் வைத்திருந்தேன்.
பத்தேகாலுக்கே வந்தான் பூலுடையான், மூடியோடு.
நாக்கடியில் நீர் ஊறியது. பொய் சொல்ல மாட்டேன்.
"மாத்திரை போட்டிருக்கேன்வே,
இது உள்ள போனா ஆஸ்பத்திரிதான்" என்றேன்.
"சாமி கோவிச்சுக்கிடும்லா?"
"கோவிக்கட்டும். எனக்கு நீறு போதும்."

அருவாளை ஓங்கியபடி நின்றது சுடலை.
என்னைப் பார்த்ததா, குப்பியைப் பார்த்ததா,
தெரியவில்லை.

பஸ்ஸை எடுத்தோம்.
மகுடச் சத்தம் பாலம் வரை பின்னாலேயே வந்தது.
பாலம் தாண்டி ஓரங்கட்டி
ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன்.
சந்தனமாரி ஒன்றும் பேசவில்லை,
கடலை மிட்டாயைக் கடித்துப் பாதி கொடுத்தாள்.
வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம்
கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்க ஆரம்பித்தது.

இன்று எட்டாம் நாள்.
கொடை வாங்கிய சாமியையே
எட்டு நாள் கழித்து ஒருதரம்
கதவைத் திறந்து பார்க்கிறார்கள்.

ஹைகிரவுண்டில் நீள வரிசை.
முன்னால் ஒருவன், இருபத்தைந்து வயதிருக்கும்,
அம்மாவின் தோளைப் பிடித்தபடி நடுங்குகிறான்.
சீட்டு எழுதுகிற பையன்
நிமிராமலே கேட்டான்:
"புதுசா, பழசா?"

"பழசு" என்றேன்,
முன்னால் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி.